இரங்கல் குறிப்பு எழுத வந்தவரிடம் நோரா சொன்னது

தொழில் வாழ்க்கை என்று கேட்கிறீர்கள்.
முதலில் அந்தப் பேனாவை மூடுங்கள்,
மை சொட்டுகிறது, மேசைவிரிப்பு புதுசு.

இன்சாம். தொமினிக் இன்சாம்.
டிரோல் மலையில் பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவர்.
கப்பலிறங்கிய மேசையில் "என்ன வேலை?" என்றார்களாம்.
சொல் வரவில்லை.
காற்றில் ஒரு முகத்தை மெல்லச் சீவிக் காட்டியிருக்கிறார்.
குமாஸ்தா எழுதினான்: நாவிதன்.
அந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது,
வேண்டுமானால் பார்க்கலாம்.

டிராய் நகரத்தில் அப்போது இரண்டே பிழைப்பு:
ஆண்களுக்கு அடுப்பு, பெண்களுக்குக் காலர்.
நான் காலர். கஞ்சி காயுமுன் இஸ்திரி,
நாளைக்கு நாற்பது டஜன்.
அவர் அடுப்பு. வார்ப்படச்சாலையின் மாடியில்
வால்நட் பலகையில் இலைக்கொடி செதுக்குவார்.
அதை மணலில் அழுத்தி எடுத்து
குழியில் இரும்பை ஊற்றுவார்கள்.
ஒரு இலை, பத்தாயிரம் அடுப்புக் கதவு.

மணல் உதிராமல் மரம் வெளியே வரவேண்டும்.
அதனால் ஆழம் கூடாது, உட்குடைவு கூடவே கூடாது.
"இந்த நாட்டில் நிழலுக்கு அனுமதி இல்லை"
இதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.
எனக்கு விளங்கவில்லை.
என் ஐரிஷ் வாயும் அவருக்குப் பாதிதான் எட்டியது.
எட்டாத பாதியில் கல்யாணம் செய்துகொண்டோம்.

பதினோரு வருஷம்
தட்டை இலை.

பிறகுதான் நீங்கள் எழுத வந்திருக்கும் பீடம்.
பித்தளைத் தகட்டில் ஹார்ட்விக் என்று இருக்கும்,
ஒப்பந்தம் எடுத்தவர்.
அவர் ஆயுசில் உளியால் திறந்தது
பெயிண்ட் டப்பா மட்டும்.

பன்னிரண்டு அப்போஸ்தலர், எல்லாம் லிண்டன் மரம்.
பதினோரு வருஷ நிழலையும் தாடிகளில் குடைந்தார்.
பேதுருவின் தாடிக்குள் என் சுண்டுவிரல்
இரண்டு கணு இறங்கும்.
தூசி துடைக்கிற பெண்கள் இன்றைக்கும் அவரைத் திட்டுகிறார்கள்.

தோமாவுக்கு கிரிஃபித்தின் முகம்.
கொதி இரும்பு தெறித்து இடக்கண் போனவர்,
எங்கள் கல்யாணத்துக்குக் கேக் வாங்கி வந்தவர்.
பங்குச் சாமியார் பதறிப்போனார்: "ஒற்றைக்கண் தோமாவா?"
"தொட்டுப் பார்க்கிறேன் என்றவருக்கு
ஒரு கண் போதும், சாமி."

மாதாவின் கை என்னுடையது.
மணிக்கட்டில் இஸ்திரி சுட்ட வடு, பிறை மாதிரி;
அதையும் விட்டுவைக்கவில்லை மனிதர்.
மரத்தில் குறை என்று நினைத்து
மெழுகடைத்து மேலே தங்கம் பூசிவிட்டார்கள்.
அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.
நான் சாப்பிட்டேன்.
எனக்கு அந்த வடுவின் மேல் அப்படியொன்றும் பிரியமில்லை.

அப்புறம் வங்கிக்குக் கழுகு,
டாக்டர் வீட்டு மாடிப்படிக்குச் சிங்கம்,
பல்வைத்தியர் வாசலில் தொங்க
கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கடைவாய்ப்பல்.
அந்தப் பல்லைத்தான் ரொம்ப நாள் மெருகேற்றினார்.

அந்த அடுப்பு மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.
"வேறு கம்பெனி வாங்கு" என்பார், காரணம் சொல்லமாட்டார்.

போன செவ்வாய், அடக்கம் முடிந்த மறுநாள்,
ராஃபர்ட்டி அம்மாள் வீட்டில் சூப் கொடுத்தார்கள்.
சும்மா உட்காரப் பிடிக்காமல்
அவள் அடுப்பில் சாம்பல் வாரக் குனிந்தேன்.
கீல் ஓரம், மூன்றாவது இலைக்கு அடியில்
பட்டாணி அளவில் ஒரு நத்தை.
கரியைத் துடைத்துப் பார்த்தேன்.
ஓட்டின் சுருளுக்குள்
நகம் நுழையாத, நூல் நுழைகிற ஓர் ஆழம்.
மணலுக்குத் தெரியாமல்,
மேஸ்திரிக்குத் தெரியாமல்,
எனக்கும்.

பஃபலோ வரை, சிகாகோ வரை
எத்தனை சமையலறை, எத்தனை நத்தை,
ஒவ்வொன்றும் சூடாக.

எழுதிக்கொள்ளுங்கள்: நத்தை.
பத்தியில் இடம் போதாவிட்டால்
ஆயரின் பெயரை எடுத்துவிடுங்கள்.