இல்லாத வாடை

முதலில் வாடை அடித்தது என்றுதான் சொல்வேன்.
கொம்தார் பேருந்து நிலையம், மாலை நாலு இருபது.
அவர் இருபதடி தள்ளி
ஒரு தூணோடு தகராறு செய்துகொண்டிருந்தார்.
காற்று அவர் பக்கமிருந்து வரவில்லை.
ஆனாலும் எனக்கு வாடை அடித்தது.

சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று.
நாக்குத் தடித்த பேச்சு.
"சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார்
எதிரில் இல்லாத யாரிடமோ.
தமிழில்.
அதோடு நான் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்:
பட்டப்பகலில்
நம்ம மானத்தை வாங்கவென்றே ஒருத்தன்.

பள்ளிச் சீருடைகள் ஒதுங்கின.
ஒரு பெண் கைப்பையை மறு தோளுக்கு மாற்றினார்.
"மாபுக்" என்று சிரித்த பையன்
கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தான்.
நானும் கைப்பேசியைத்தான் பார்த்தேன்,
பாயான் லெப்பாஸ் பஸ் எங்கே வருகிறதென்று.

என்னிடம் சான்றிதழ் இருக்கிறது.
தொழிற்சாலையில் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி,
மதியம் பிரியாணி.
கால் இல்லாத ரப்பர் பொம்மையின் நெஞ்சில்
முப்பது முறை அழுத்தி, இரண்டு முறை ஊதி,
எங்கள் குழுவில் நான்தான் முதலில் பிழைக்கவைத்தேன்.
கைதட்டினார்கள்.
பொம்மைக்கு வேர்க்கவில்லை.
பொம்மையால் எனக்கு வெட்கமும் இல்லை.

சாதிக்காய்த் தண்ணீர் விற்கும் ஆ ஹூய்
கரண்டியோடு வண்டியை விட்டு வந்தாள்.
நேரே போய்
அவர் வாயருகே மூக்கை வைத்தாள்.
மணிக்கட்டைப் பிடித்தாள்.
"ஐஸ் மாதிரி இருக்கு, இந்த வெயில்ல.
தண்ணியா வேர்க்குது. இது குடி இல்ல"
என்றாள் மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி.

சிரிக்கச் சொன்னாள்.
கோபத்தோடு சிரித்தார், வாய் கோணவில்லை.
இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள்.
ஒரே உயரத்தில் இரண்டும் நடுங்கின.

பிரியாணிக்குப் பிறகு நான் தூங்கி வழிந்த பாடம்
அப்போது எழுந்து வந்தது:
குளிர்ந்த வேர்வை, நடுக்கம், குழப்பம்,
காரணமில்லாத கோபம்.

"நீ தமிழ்தானே? கேளு" என்றாள் என்னைப் பார்த்து.
எப்படித் தெரிந்தது அவளுக்கு?
இருபதடி நடந்தேன்.

"அண்ணே, இனிப்புநீர் இருக்கா?"
தூணைப் பார்த்தார்.
"ஊசி போட்டுக்கிட்டீங்களா?"
அந்தச் சொல்லுக்கு மட்டும் கண் திரும்பியது.
"போட்டேன்... பசியாறல... சாவி..."

உட்காரவைத்தோம்.
ஐஸ் போடாமல், பாகு இரட்டிப்பாய் ஊற்றிக் கொடுத்தாள்.
"கொஞ்சம் கொஞ்சமா. முழுங்குறாரான்னு பாரு,
முழுங்கினாத்தான் அடுத்த வாய்.
மயங்கிட்டா ஒரு சொட்டும் விடாத,
ஒருக்களிச்சுப் படுக்க வை."
பையனிடம் நான் சொன்னேன்,
"படம் போதும். 999 அடி."
அவன் அடித்தான். இடத்தைத் தெளிவாகச் சொன்னான்.
அவனைப் பற்றியும் நான் அவசரப்பட்டிருந்தேன்.

முதல் வாயை என் சட்டையில் துப்பினார்.
என் அம்மாவை இழுத்துத் திட்டினார்.
இரண்டாவதை விழுங்கினார்.
மூன்றாவதுக்குக் கோப்பையை அவரே பிடித்தார்.
என் பஸ் வந்தது,
கதவைத் திறந்தது, மூடியது, போயிற்று.

பத்து நிமிடம் இருக்கும்.
குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.
பொத்தான்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி
கீழிருந்து மேலாகச் சரியாகப் போட்டார்.
அதைப் போல ஒரு காட்சியை
நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

கழுத்து அட்டையில் இருந்தது பெயர்:
தணிகாசலம், பாதுகாவலர், இரவுப் பணி.
"தம்பி, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"
"இல்லண்ணே."
ஆ ஹூய் கொடுத்த ரொட்டியை
அவர் மெதுவாகத் தின்னும்போது ஆம்புலன்ஸ் வந்தது.
விலைப்பட்டியலைத் தட்டிக் காட்டி
என்னிடம் ரெண்டு வெள்ளி வாங்கிக்கொண்டாள் ஆ ஹூய்.
ரொட்டிக்கு வாங்கவில்லை.

அன்று வேலைக்கு ஐம்பது நிமிடம் தாமதம்.
சட்டையில் பாகு காய்ந்து மொரமொரத்தது.
தாமதப் பதிவேட்டில்
'காரணம்' என்ற கட்டத்துக்கு மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

'பஸ்' என்று எழுதினேன்.