இரண்டாம் தட்டு

முருகேஷ்பாளையா, மூன்றாம் மாடி, இரவு ஒன்றரை.
ஆபீஸ் கொடுத்த மேக்கில்
வைன் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
குடிக்கிற வைன் இல்லை, ரூபாவதி,
தன்னை விண்டோஸ் என்று பொய் சொல்லும் மென்பொருள்.

'கோப்பு சேதம், குப்பையில் போடவா?' என்றது.
உன்னைக் கேட்டேனா?

பிறகு கறுப்புத் திரை.
பிறகு மூலையில், தீப்பெட்டி அளவில்
ஒரு டாங்கி.

புதுச் சில்லின் வேகத்தில்
நான் விசையைத் தொடுமுன்பே
என் படை மொத்தமும் செத்து
எதிரி கொடியேற்றிவிட்டான்.

வேகத்தைக் கட்டிப்போட்டேன்.
நாலாம் கட்டம். பாலத்தின் பாதியில் நின்று
'இரண்டாம் தட்டைச் செருகவும்' என்கிறது.

முதல் தட்டை எஸ்.பி. ரோட்டில்
ஐம்பது ரூபாய்க்குப் பென்டிரைவில் ஏற்றித் தந்தார்கள்.
இதையும் கேட்கும் என்று யார் கண்டது?

தட்டு கையிலேயே இருக்கிறது, ஒரு கீறலில்லாமல்.
அலுமினிய விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவுகிறேன்.
இதற்கு வாயே வைக்கவில்லை.