ஐந்து பற்கள்

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
எனக்கு வேலையே அதுதான்.

உதிரிபாகக் கடைக் கவுண்டருக்குப் பின்னால்
முப்பத்தோரு வருடம் நின்றேன்.
இப்போது ஹிப்பிங் நூலகத்தின் அடித்தளத்தில்
செவ்வாய்தோறும் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி.
மீன்பிடிப்பு, ஞானஸ்நானம், பனியில் பாதி புதைந்த கொட்டகை,
தேதியில்லாத படங்களைக் கொண்டுவருவார்கள்.
முகங்களைக் கேட்காதீர்கள், தெரியாது.
ஓரத்தில் தற்செயலாக நிற்கிறதே
அந்த வண்டியைக் கேளுங்கள்.

மூக்கில் தோட்டா முனை என்றால் ஸ்டூடிபேக்கர்,
ஐம்பது, இல்லாவிட்டால் ஐம்பத்தொன்று.
பின்னால் மீன்வால் மொட்டு விட்டிருந்தால்
காடிலாக், நாற்பத்தெட்டுக்கு முன்னால் இல்லை.
முன்கண்ணாடியின் நடுவில் கம்பி இருக்கிறதா பாருங்கள்.
அப்படி ஒரு கம்பியால்
ஒரு கல்யாணம் எட்டு மாதம் தள்ளிப்போய்
மூத்த மகன் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

லெம்பி ஹர்யுலா வந்தது பிப்ரவரியில்.
கையுறையைக் கழற்றாமலே உறையைப் பிரித்தாள்.
"அப்பா. சுரங்கத்தில் போய்விட்டார்,
ஐம்பத்து மூன்று மார்ச்சில். நான் அப்போது வயிற்றில்.
இது கடைசிப் படமாக இருக்குமோ?"

படத்தில் பனி.
பம்பரில் ஒரு காலை ஊன்றி
எதையோ சொல்லி முடித்துவிட்டுச் சிரிக்கிறார்.
செவர்லே. நாலு கதவு.
பக்கவாட்டில் ஒரு கோடு குரோமியம்கூட இல்லை,
இருப்பதிலேயே மலிவானது.
ஐம்பத்து மூன்றுக்கு வாயில் மூன்று பல்.
ஐம்பத்து நான்குக்கு ஐந்து.
இடமிருந்து எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகு அவர் முழங்கால்.

மூன்று என்று சொல்லியிருக்கலாம்.
மூன்று என்றால் அந்தக் குளிர்காலம் சரி,
பனி சரி, மார்ச் சரி,
கல்லறையில் வெட்டிய எண் சரி.
ஆனால் மூன்றாவது பல்
சின்னத்துக்கு நேர் கீழே இருந்தது.
மூன்றாவது நடுப்பல் என்றால் மொத்தம் எத்தனை?
குழந்தைக் கணக்கு.
நான்கு முறை போட்டேன்.

இந்த ஊர் மண் சிவப்பு.
தோண்டி ஏரிக் கப்பலில் அனுப்பினோம்,
கதவாய், கூரையாய், பம்பராய் வந்தது.
சாலைக்கு வீசிய உப்பு
அதைத் தின்று மறுபடி சிவப்பாய்
எங்கள் வாசலில் துப்பியது.
இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்,
அவள் கேட்டதைச் சொல்லாமல்.

லெம்பி பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.
கையுறை இப்போது மேசையில்.
நகத்தால் எண்ணினாள், சின்னத்தைத் தொட்டாள்,
முழங்காலுக்கு அந்தப் பக்கம்
இல்லாத இரண்டையும் எண்ணினாள்.
அழவில்லை.
கண்ணாடியைக் கீழே நகர்த்தினாள்,
நான் பார்க்காத இடத்துக்கு.
முன்சக்கரம்வரை நீண்ட ஒரு நிழல்,
படம் எடுத்தவருடையது.
தலையில் முக்காடு,
ஒரு முழங்கை மட்டும் தூக்கலாக.

"இது அம்மா," என்றாள்.
"இடது தோள் இறங்காது அவளுக்கு."

வண்டிகளை மட்டும்தான் நான் அறிவேன்.
குழாய் ஒன்று சுவருக்குள் முனகியது.
மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

"என்ன நிறம்?" என்று கேட்டாள் கடைசியில்.
கறுப்பு வெள்ளையில் அது தெரியாது என்றேன்.
வெளிறிய பச்சையாக இருக்கலாம்,
நீலமாகவும் இருக்கலாம்.
"பச்சை," என்றாள், தனக்குத்தானே,
கடையில் நின்று தேர்ந்தெடுப்பவள்போல.

வழக்கப்படி பென்சிலை எடுத்துப்
படத்தின் பின்பக்கம் திருப்பினேன்.
செவர்லே, நாலு கதவு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து
என்று எழுதுகையில்
கையைப் பிடித்து நிறுத்தி
தன் பையிலிருந்து
பேனாவை நீட்டினாள்.