இதரச் செலவினம்

இன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு
இந்தப் பள்ளிக்கூடம் மாநகராட்சியை விட்டுப் போகிறது.
நான்காம் ஷரத்து அப்படித்தான் சொல்கிறது.
இப்போது மாலை நாலேகால்.
கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது,
சரக்கு வண்டி நகரக் காணோம்.
அறக்கட்டளையின் கணக்காளர் அந்தப் பக்கம்
காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்.
இந்தப் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நிலம் மாநகராட்சிக்கே.
கட்டடம் முப்பது வருடக் குத்தகைக்கு,
வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்.
புங்கமரம் வேரால் அவர்களுக்கு, நிழலால் இவர்களுக்கு.
காய்ந்த கிளை ஒடிந்து விழுந்தால்
நஷ்டஈடு யார் தருவது என்று ஒரு ஷரத்து உண்டு.
அதைப் படித்தவன் இதுவரை நான் ஒருவன்தான்.

மின் இணைப்பு எத்திராஜுலு பெயரில் இருக்கிறது.
எழுபத்தொன்பதில் இங்கே தலைமையாசிரியர்.
செத்து இருபது வருடமாகியும்
இரண்டு மாதத்துக்கொருமுறை தவறாமல் பில் கட்டுகிறார்.
பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்து வேண்டுமாம்.

பெஞ்சு எழுபத்திரண்டு. கால் உடைந்தது பதினொன்று.
உடைந்த காலுக்கும் மதிப்பு போட்டாயிற்று, இருபத்தைந்து ரூபாய்.
பூகோள உருண்டை ஒன்று, அச்சிலிருந்து கழன்றது.
ஆர்மோனியம் ஒன்று,
உள்ளே எலி, குத்தகை இல்லாமல்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கில்
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
பொருளாளர் தேசப்பன், காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்,
செக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.
“வெள்ளத்துல பொஸ்தகம்லாம் நனைஞ்சப்போ
தெருத்தெருவா உண்டி தூக்குன துட்டு சார் இது.
நாளைக்கி கணக்கு யாராண்ட கேக்குறது சொல்லு,
இப்பவே போட்டுத் தரேன்.”
சட்டக் கருத்து கேட்டு எழுதியிருக்கிறேன் என்றேன்.
“எழுது, எழுது” என்றார்.

ஆசிரியர்கள் ஒன்பது பேருக்கும் விருப்பப் படிவம்.
புதிய நிர்வாகத்துக்குப் போனால்
பணிமூப்பு கூட வராது,
ஓய்வூதியம் ரிப்பன் மாளிகைப் படியிலேயே நின்றுவிடும்.
எட்டுப் பேர் மாறுதல் கேட்டுவிட்டார்கள்.
கணக்கு டீச்சர் பத்மாசனியின் படிவத்தில்
பென்சிலால் டிக் போட்டு, அழித்து,
மறுபடி போட்டு, மறுபடி அழித்து
அந்தக் கட்டம் ஓட்டையாகிவிட்டது.
ஓட்டையை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

அப்புறம் ரமணம்மா.
கூட்டுவது, கழுவுவது,
ஒன்றாம் வகுப்பில் யாராவது வாந்தியெடுத்தால்
மணல் வாளியோடு ஓடி வருவது.
பதினான்கு வருடம், பணியிடம் இல்லாத பணி.
அவள் சம்பளத்தை மாதாமாதம்
இதரச் செலவினத்தில் நான்தான் எழுதினேன்:
துடைப்பம் எட்டு, பினாயில் ஆறு லிட்டர்,
பிளீச்சிங் பவுடர், சணல்.
தணிக்கைக்காரர் ஒருமுறை கேட்டார்,
பள்ளிக்கூடம் பினாயிலைக் குடிக்கிறதா என்று.
சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே
பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

வரப்போகிறவர்களிடம் இதரச் செலவினம் கிடையாது.
துப்புரவு வெளி ஒப்பந்தம், ஒன்பதாம் ஷரத்து.
என் பதிவேட்டின்படி இந்தப் பதினான்கு வருடத்தில்
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்துநான்கு துடைப்பம் வாங்கியாயிற்று.
ஸ்டோர் ரூமில் மூன்று இருக்கிறது.

கேட் திறந்துவிட்டார்கள், ஹாரன் கேட்கிறது.
ரமணம்மா புங்கம்பூவைக் கூட்டித் தள்ளுகிறாள்,
எந்தப் பக்கத்துப் பூ என்று பார்க்காமல்.
“சார், நாளைக்கி சாவி யாராண்ட இருக்கும்?
எப்பவும்போல ஆறு மணிக்கு வந்துடவா?”

பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே இடம் இருக்கிறது.
குறைவு: துடைப்பம் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று.
காரணம் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்,
பதினான்கு வருடத்தில் முதல்முறை.
பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.
முழுப் பெயர் வேண்டுமே, இன்ஷியல்?
அது எனக்குத் தெரியாது.
கார் உள்ளே வருவதற்குள்
எழுந்து போய் அவளிடம் கேட்க வேண்டும்.