அங்க அடையாளங்கள்

உடல்: ஆல்டர் மரம், இரண்டு துண்டு ஒட்டியது.
கழுத்து: மேப்பிள். முதல் கட்டில் தடிப்பு
இருபத்தொன்றரை மில்லிமீட்டர், பன்னிரண்டாவதில் இருபத்து நான்கு.
விரற்பலகை ரோஸ்வுட். வளைவு ஒன்பதரை அங்குலம்.
பாலத்தருகே பிக்கப், எட்டு புள்ளி இரண்டு கிலோ ஓம்.
எடை மூன்று கிலோ நானூறு.
ஐம்பது கிராம் கூடலாம்,
குறையக் கூடாது.

அதற்குப் பிறகு நான்கு பக்கம்
வடுக்கள்.

என்செனாடாவில் எங்கள் பேருந்து நிறுத்தத்துச் சுவரில்
காணாமற்போனவர்களின் தாள்கள் ஒட்டியிருக்கும்.
இடது புருவத்தில் தழும்பு, வலது தோளில் மச்சம்.
அந்த மொழியில்தான் எழுதியிருந்தார்கள்
லோனி டிராஸ்கின் கிதாரைப் பற்றியும்.
அது காணாமற்போகவில்லை.
முந்நூறாகப் போகிறது.

இரண்டு நாள் எங்களிடம் இருந்தது அசல்.
சவப்பெட்டிபோல ஒரு பெட்டி, உள்ளே நீல வெல்வெட்,
கூடவே டெக்சஸிலிருந்து ஓர் ஆள்,
சாப்பிடப் போகும்போதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவான்.
எங்களுக்கு வெள்ளைக் கையுறை.
முன்கை உரசி வார்னிஷ் தேய்ந்த இடம், பெல்ட் கொக்கி கீறிய முதுகு,
தலையில் சிகரெட் சுட்ட கறுப்பு:
ஒவ்வொன்றுக்கும் நீளம், ஆழம், எண்.

ஏழாம் கட்டுக்குப் பின்புறம் அளக்கும்போது
வெர்னியர் வழுக்கியது.

ஓர் அரிசி நீளம். அவ்வளவுதான்.
சத்தம்கூட இல்லை.
டெக்சஸ்காரன் காபி வாங்கப் போயிருந்தான்.
எதிர் மேசையில் ஹசிந்தோ என்னைப் பார்த்தான்,
கழுத்தைப் பார்த்தான்,
எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பி எழுதினான்:
அடையாளம் பத்தொன்பது. நீளம் நான்கு மில்லிமீட்டர்.
ஆழம் புள்ளி எட்டு.

ஜூனிலிருந்து அதுதான் வேலை.
புது வார்னிஷைக் குளிரவைத்து வெடிக்கவிடுவோம்.
சாவிக்கொத்தால் முதுகைக் கீறுவோம்.
சூட்டுக்கோல் கூடாது, சிகரெட்தான் என்கிறது தாள்,
விட்டு நாலு வருஷமான ஹசிந்தோ
ஒவ்வொரு தலைக்கும் ஒன்று பற்றவைத்து
இழுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பான்.
பத்தொன்பது மட்டும் நான்.
வேறு யார் போட்டாலும் கை கூசுகிறது,
ஆழம் சரியாக வருவதில்லை என்றார் மேற்பார்வையாளர் ரெம்பெர்தோ.
ஸ்க்ரூடிரைவர் நுனியை அதற்கென்றே ராவி வைத்திருக்கிறேன்.

சான்றிதழ்களில் கையெழுத்திட
லோனி டிராஸ்கே வந்தார் ஆகஸ்டில்.
நினைத்ததைவிடக் குள்ளம். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு.
எண்பத்தாறாம் கிதாரை மடியில் வைத்து
ஒரு நாண் மீட்டி, கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் நகர்த்தி
ஏழில் நின்றார்.
சிரித்தார்.
'இது அமரில்லோவில், எண்பத்தொன்றில்.
மேடையை நோக்கி ஒருவன் பாட்டில் வீசினான்.
அன்றிரவு இதைத் தடவிக்கொண்டே தூங்கினேன்.'
மொழிபெயர்த்தவள் 'தூங்கினேன்' என்ற இடத்தில்
குரலைத் தாழ்த்தினாள்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
பாட்டில் பச்சையா பழுப்பா என்று
கேட்கத் தோன்றியது.

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.
அந்தக் கண்ணில் பாட்டில் பறந்ததை நானே பார்த்தேன்.
இப்போது ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தும்போதெல்லாம்
எனக்கும் கொஞ்சம் அமரில்லோ கேட்கிறது.
பார்த்திராத ஊர்.

ஒன்றின் விலை
என் பதினான்கு மாதச் சம்பளம்.
ரெம்பெர்தோ கணக்குப் போட்டுச் சொன்னார்,
கேட்காமலேயே.

கடைசியான முந்நூறாவதில்
அந்த இடத்தை விட்டுவிட்டேன்.
கோபமில்லை, வீம்பில்லை.
வெறும் மேப்பிள் எப்படியிருக்கும் என்று
கட்டைவிரலால் ஒருமுறை தடவினேன்,
பெட்டிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை என் மேசையில் கிடந்தது,
நரம்பில் சிவப்புச் சீட்டுக் கட்டி,
தரப்பிரிவுக்காரியின் உருண்டைக் கையெழுத்தில்:

குறைபாடு.
பத்தொன்பது இல்லை.