கூரையில் எவரிஸ்தோ

பழைய உலாவி சொன்னது: இந்தப் பக்கத்தை நான் நம்பவில்லை.
ஏலப் பக்கம் சொன்னது: இந்த உலாவியை நான் நம்பவில்லை.
இரண்டுக்கும் நடுவே நான்,
நூற்றுப் பன்னிரண்டு மூட்டை மெரினோ கம்பளியோடு,
நள்ளிரவு வரைக்கும் கெடுவோடு.

ரியோ மாயோவில் காற்று விருந்தாளி இல்லை,
வாடகை தராத குடித்தனக்காரன்.

கூட்டுறவுச் சங்கத்துக் கணினி
மூடப்பட்ட பள்ளியொன்று தந்துவிட்டுப் போனது.
பெட்டியின் நெற்றியில் பெங்குவின் ஒட்டுப்படம்.
"கடற்கரையில் இது காலைக் கொத்தும், நேலிதா" என்பான் எவரிஸ்தோ,
ஓரடி தள்ளியே நிற்பான்.
உள்ளே ஓடுவதோ
யாரோ, எந்த ஊரோ, எழுதிப்
பூட்டாமல் வைத்துவிட்டுப் போன மென்பொருள்.
காசு கேட்டதில்லை.
பொறுமையைத்தான் கேட்கும், அதையும் மொத்தமாக.

கறுப்புச் சாளரத்தைத் திறந்து ஒரு வரி தட்டினேன்.
கடவுச்சொல் என்றது.
விரல் நடக்கிறது, திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை;
மின்சாரம் போன சமையலறையில்
எண்ணி எண்ணி உப்புப் போடுவதுபோல் போட்டேன்.
தப்பு.
மறுபடி. தப்பு.
பெரிய எழுத்துச் சாவி அமுங்கியே கிடந்திருக்கிறது.

அறுபத்தெட்டு மெகாபைட். தொடரவா? என்றது.
தொடராமல்?

நான்கு விழுக்காட்டில் நின்றது.
கூரைமேல் கிண்ண ஆண்டெனா
கோபித்துக்கொண்ட சம்பந்திபோல் முகத்தைத் திருப்பியிருந்தது.
எவரிஸ்தோ மாத்தேயைக் கீழே வைத்தான், ஏணியை எடுத்தான்.
கிடாயின் கழுத்தைத் தொடையிடுக்கில் இறுக்கி
மூன்று நிமிடத்தில் உரித்துவிடுகிற ஆள்;
கம்பத்தையும் அப்படித்தான் பிடித்தான்.

சன்னல் வழியே கத்தினேன்: பதினொன்று!
"மணியா?"
விழுக்காடு!
இருபத்தாறு. முப்பது. முப்பது. முப்பது.
நாற்பதில் காற்றின் தாயைப் பற்றி ஏதோ சொன்னான்,
இங்கே எழுத முடியாது.
எழுபத்துமூன்றில் சத்தமே இல்லை,
எனக்கு வயிற்றைப் பிசைந்தது,
மூக்குச் சிந்திக்கொண்டிருந்தானாம்.

நூறு!
அவன் ஒரு காலைத் தரையில் வைத்ததும்
திரை சொன்னது: ஒரு நூலகம் குறைகிறது.
இந்த ஊரிலும்தான் இல்லை,
அதற்காக யாரும் வேலையை நிறுத்தியதில்லையே.
"இன்னொன்றா?"
சின்னது.
"எவ்வளவு சின்னது?"
பால் மறக்காத குட்டி அளவு.
மற்றக் காலும் இறங்கவில்லை, ஏறிவிட்டான்.

பிறகு வரிகள் ஓடின,
கொட்டகைக் கதவைத் திறந்ததும்
மொட்டை ஆடுகள் ஒன்றன்மேலொன்று தாவுமே, அப்படி.
ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை.
எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த மனிதரோ,
அவர் ஊரில் இப்போது என்ன நேரமோ.

திறந்தது.
வெள்ளை வெளேரென்று.
உன் வீட்டுக்கு என்னையே நிரந்தர உலாவியாக்கு என்றது,
வந்து உட்காருமுன் சாவிக்கொத்தைக் கேட்டது.
தோளுக்குப் பின்னாலிருந்து எவரிஸ்தோ:
"கொடுக்காதே. முதலில் வேலை செய்யட்டும்."

சரியென்று சோதனைக்கு வானிலைப் பக்கம் போட்டேன்.
ரியோ மாயோ: மேற்குக் காற்று,
மணிக்கு எழுபத்துநான்கு கிலோமீட்டர்.

அவன் தன் கைகளைப் பார்த்தான்;
கம்பத்தின் கனத்திலேயே வளைந்து நின்றன, விரியவில்லை.
"இதைச் சொல்லவா என்னை மேலே ஏற்றினாய்?"

மணி பதினொன்று இருபது.
ஏலப் பக்கத்தின் முகவரியை
ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன்.
ஏணியை அவன் இன்னும் மடக்கவில்லை.