தீட்டு

லைப்ஸிக். மாலை நாலரைக்கே இருட்டு.
இரட்டைக் கையுறை, முகமூடி, தலைமறைப்பு,
கண் மட்டும் வெளியே.
சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைமுழுகுவோம்.
இங்கே
செத்தவனிடம் போவதற்கு முன்பே
என்னைக் கழுவிக்கொள்ள வேண்டும்.
அவனுக்கு நான்தான் தீட்டு.

பல் டாக்டரின் துளைப்பான்.
சூடேறக் கூடாது, நிறுத்தி நிறுத்தி
விரலெலும்பில் ஒரு புள்ளி.
முப்பது மில்லிகிராம் மாவு,
ரவா லட்டு நிறம்.

போன மாத மாதிரி கெட்டுப்போனதாம்.
யாரோ தும்மியிருக்கிறார்கள் என்றாள் வீப்கே.
தும்மவில்லை.
முகமூடி நழுவியிருந்தது தெரியாமல்
வலிக்குதா என்று கேட்டுவிட்டேன்,
தமிழில்.

இப்போது கணினி பிரிக்கிறது:
இது அவன்,
இது மங்களேஸ்வரி, தள்ளு,
இதுவும் மங்களேஸ்வரி, தள்ளு.
சில துண்டுகளில் மட்டும்
யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது.
நூற்றுக்கு இரண்டு.

பங்காளி,
நாற்பதாயிரம் வருடமாக
கேட்க ஆளில்லாத உன் பங்கை
நான் ஆண்டுகொண்டிருக்கிறேன்.
பத்திரம் கிடையாது.
குளிரில் வெடிக்கும் இந்தத் தோலில்
எது உன்னுடையதோ.

விளக்கணைத்து வெளியே வருகிறேன்.
உள்ளே நீல ஒளி தானாக எரியத் தொடங்கும்
விடியும்வரை,
நான் விட்டுவந்ததைக் கொல்ல.